பார்ப்பதற்கு மட்டும்

எருசலேம், நஹ்லாவோத்

டிசம்பர் 18, 2022, ஞாயிறு

இன்று மாலை யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா தொடங்கியது. இங்கே பாட்டியை சவ்தா என்பார்கள். நான் பார்த்துக்கொள்ளும் எண்பது வயது அம்மாவை வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் அவர் சவ்தாதான். வெள்ளிக்கிழமையிலிருந்தே ஆலிவ் எண்ணெய் வாங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மஹனே யெஹூதா சந்தையில் எண்ணெயை உறைய வைத்து, திரியும் போட்டு, குட்டிக் கிண்ணங்களாக விற்கிறார்கள். வசதியாக இருக்குமே என்று அதை வாங்கி வந்தேன். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஊற்றுகிற எண்ணெய்தான் வேண்டுமாம்.

எங்கள் வீடு சந்துக்குள் தரைத்தளம். வாசலுக்கு வெளியே இடப்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் எட்டுக் குவளைகள். வலப்பக்க நிலையில் மெஸூஸா, வேத வசனச் சுருள் வைத்த சின்னக் கூடு. இன்று வலது ஓரக் குவளையில் மட்டும் எண்ணெய். ஏற்றிய கை அவருடையது. நடுங்கும் மணிக்கட்டைத் தாங்கியது மட்டும் நான். முதல் இரவு என்பதால் மூன்று ஆசீர்வாத வரிகள். மூன்றாவது, நம்மை உயிரோடு வைத்து, தாங்கி, இந்த வேளைவரை கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி. அந்த இடத்தில் குரல் உடைந்தது. நவம்பரில் அவர் கிடந்த கிடப்பு எனக்குத் தெரியும்.

அடுப்பில் சூப் இருந்தது. எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். விளக்கு எரியும் முதல் அரை மணி நேரம் பெண்கள் வேலை செய்யக் கூடாது, அது பழைய வழக்கம் என்றார். நான் யூதப் பெண் இல்லையே சவ்தா என்றேன். "இந்த வீட்டுப் பெண்தானே, பிந்தி?" என்றார். பாக்தாத் அரபியில் பிந்தி என்றால் என் மகளே.

உட்கார்ந்தேன். ஆனால் மனசு உட்காரவில்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் வட்டி, மகளின் கல்லூரி ஃபீஸ், இந்த மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று அரை மணி நேரமும் கணக்குதான்.

டிசம்பர் 19, திங்கள்

ஹனுக்கா என்றால் என்ன? யூத ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூத் இதே கேள்வியைக் கேட்டு, தானே பதிலும் சொல்கிறதாம். கி.மு. 164இல் யூதர்கள் செலூக்கியர் என்ற கிரேக்க ஆட்சியாளர்களின் படையிடமிருந்து எருசலேம் தேவாலயத்தை மீட்டார்கள். உள்ளே தேடினால் பிரதான ஆசாரியரின் முத்திரை உடையாமல் ஒரே ஒரு குப்பி எண்ணெய். ஒரு நாளுக்குத்தான் காணும். எட்டு நாள் எரிந்தது.

சவ்தா கதையை இவ்வளவில் முடித்துவிட்டார். அவருக்கு முக்கியம், விளக்கேற்றியதும் சொல்லும் வரிகள்: இந்த விளக்குகள் புனிதமானவை, இவற்றைப் பயன்படுத்த நமக்கு அனுமதி இல்லை, பார்ப்பதற்கு மட்டும். இந்த வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது. பக்கத்தில் ஷமாஷ் என்று தனியாக ஒரு சுடர். தப்பித் தவறி வெளிச்சம் பயன்பட்டாலும் அது ஷமாஷுடையதாக இருக்கட்டும் என்றுதான்.

அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "இதற்கு முன்னால் உட்கார்ந்து காசு எண்ணக் கூடாது. தல்மூதிலேயே இருக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று நான் எண்ணியது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு என்றால் அதன் கீழே ஏதாவது வேலை நடக்கும். பாடம் படிப்போம், பூக் கட்டுவோம். ஒன்றுக்கும் பயன்படக் கூடாத விளக்கை நான் கண்டதில்லை. இன்று இரண்டு சுடர். எண்ணக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்தான் முடிந்தது.

டிசம்பர் 20, செவ்வாய்

குளியலறைக்கு வெளியே சுவரில் ஒரு அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. கழிப்பறைக்குப் போய் வந்து கை கழுவியதும் சொல்லும் ஆசீர்வாதம், அஷேர் யத்ஸார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதற்குமா கடவுளை இழுப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. இன்று சவ்தா சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திப் பொருள் கேட்டேன். ஞானத்தோடு மனிதனை உருவாக்கி, அவனுக்குள் துவாரங்களையும் குழிவுகளையும் படைத்தவரே, இவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைபட்டாலோ உம் முன்னே நிற்க முடியாது என்பது உமக்குத் தெரியும். உடல் எல்லாவற்றையும் குணமாக்கி அதிசயம் செய்பவர் என்று முடிகிறது.

நவம்பரில் ஒன்று அடைபட்டது. மருத்துவமனையில் பதினோரு நாள் சிறுநீர்க் குழாய். பையை நான்தான் அளந்து காலி செய்வேன். குழாயை எடுத்த அன்று வரவில்லை. மறுபடி போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி இரண்டு மணிக்கு, தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் கேட்க விட்டு, இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றேன். வந்தது. சவ்தா என் தோளில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே இந்த வரிகளை முழுக்கச் சொன்னார். அப்போது எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கை கால் நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

அதிசயம் என்ற சொல்லை அவர்கள் கொண்டுபோய் வைத்திருக்கிற இடம் அது. இன்று முழுக்க அதே நினைப்பு.

டிசம்பர் 21, புதன்

வருடத்திலேயே குறுகிய பகல். நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விட்டது. அமாவாசையும் நெருங்குகிறது, வானத்தில் ஒன்றுமில்லை. நான்கு சுடர்.

சவ்தா ஆதாமைப் பற்றிச் சொன்னார். இதுவும் தல்மூதில் உள்ளதுதான். பகல் சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்து ஆதாம் பயந்துபோனான். ஐயோ, என் பாவத்தால் உலகம் இருண்டு பழைய குழப்பத்துக்கே திரும்புகிறது, எனக்கு விதித்த மரணம் இதுதான் என்று எட்டு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தான். பிறகு பகல் நீளத் தொடங்கியதைக் கண்டான். "உலகத்தின் நடைமுறை இதுதான்" என்றான். போய் எட்டு நாள் பண்டிகை கொண்டாடினான்.

சவ்தா சொல்லி முடித்த பிறகும் அந்தக் கடைசிப் பகுதி என்னை விடவில்லை. உலகத்தின் நடைமுறை என்று தெரிந்த பின்னால்தான் கொண்டாடியிருக்கிறான்! தினமும் நடப்பதுதானே என்று தெரிந்ததும் நான் பார்ப்பதையே விட்டுவிடுவேன். ஆதாம் அப்போதுதான் எட்டு நாள் எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் 22, வியாழன்

யெஷிவா என்ற யூத வேதப் பள்ளியில் படிக்கும் பேரன் வந்திருந்தார். பெரிய விவாதம். 16ஆம் நூற்றாண்டில் ஸஃபெத் ஊரில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் யோசேப் காரோ கேட்ட கேள்வியாம்: எண்ணெய் ஒரு நாளுக்குப் போதும் என்றால் முதல் நாள் எரிந்ததில் அற்புதம் இல்லை. மீதி ஏழு நாள்தானே? ஏன் எட்டு? இதற்குப் பதில்கள் ஏராளம். பேரன் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். சவ்தா குறுக்கிட்டார்: "எண்ணெய் எரிகிறதே, அது அற்புதம் இல்லையா? அதுதான் முதல் நாள்."

பேரன் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு ரம்பான் என்ற யூத அறிஞரைச் சொன்னார். ஸ்பெயினின் கெரோனாவில் பிறந்து, 1267இல் முதுமையில் எருசலேமுக்கு வந்த மோசே பென் நஹ்மான். வெளிப்படையான பெரிய அற்புதங்கள் எதற்கு என்றால், அவற்றைக் கண்டு மனிதன் மறைவான அற்புதங்களை ஒப்புக்கொள்வதற்கு என்று எழுதியிருக்கிறாராம்.

டிசம்பர் 23, வெள்ளி

இன்று அவசரம். ஷப்பாத் என்ற ஓய்வுநாளின் விளக்கை ஏற்றிவிட்டால் அப்புறம் தீ மூட்டக் கூடாது, அதனால் ஹனுக்கா விளக்குகள் முதலில். எருசலேமில் ஷப்பாத் விளக்கைச் சூரிய அஸ்தமனத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே ஏற்றும் வழக்கம். நாலு மணிக்குள் ஆறு குவளையிலும் விளிம்புவரை எண்ணெய், இருட்டிய பிறகும் எரிய வேண்டும் அல்லவா.

நேற்றைய பேச்சுக்குச் சாட்சியாக சவ்தா இன்று ஒரு கதை வைத்திருந்தார். ஹனீனா பென் தோசா என்ற ஏழை ரபி. ஒரு வெள்ளி மாலை மகள் வாடிய முகத்தோடு இருந்தாள். எண்ணெய் என்று நினைத்துக் காடியை ஊற்றி ஏற்றிவிட்டாள். அப்பா சொன்னார்: எண்ணெயை எரியச் சொன்னவர் காடியையும் எரியச் சொல்வார். மறுநாள் இரவு, ஷப்பாத்தை வழியனுப்பும் சுடரை ஏற்றும்வரை அது எரிந்தது.

டிசம்பர் 24, சனி

சவ்தாவின் மகன் வந்து, ஷப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்கைச் செய்தார். பின்னல் மெழுகுவர்த்தியை ஏற்றியதும் எல்லோரும் விரல்களை மடக்கி நகத்தைப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தால் ஏதாவது பயன் பெற்றால்தான் அதற்கான ஆசீர்வாதம் செல்லுமாம். பத்து நிமிடம் கழித்து ஹனுக்கா விளக்கு, அதனால் பயன் பெறவே கூடாது. ஒரே தீக்குச்சிப் பெட்டி! எந்தச் சுடருக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வளவு நுட்பமாக யோசித்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எல்லோரும் போன பிறகு சவ்தா தனக்குள் முணுமுணுத்தார். எபிரேயம் இல்லை, பாக்தாத் அரபி. 1951இல் ஒன்பது வயதில் வந்தவர். முதல் ஹனுக்கா அகதிக் கூடாரத்தில், அவர் அப்பா உருளைக்கிழங்கைக் குடைந்து எண்ணெய் ஊற்றினாராம். இன்றும் கடவுளிடம் அந்தப் பேச்சில்தான் பேசுகிறார். எதிர்வீட்டு அம்மா பிரெஸ்லோவ் என்ற யூத பக்தி வழியில் வந்தவர். அந்த வழியின் குரு ரபி நஹ்மான் (1772–1810) சொன்னதே இதுதான் என்கிறார்: தனியாகப் போய், தினம் ஒரு மணி நேரம், உன் தாய்மொழியில் கடவுளிடம் பேசு. அதற்கு ஹித்போதெதூத் என்று பேர்.

நானும் தமிழில் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். மகள் இன்று போனில் சிரித்தாள் என்றேன். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றேன். சவ்தாவுக்கு ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன் என்றேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்தபோது முக்கால் மணி ஆகியிருந்தது.

டிசம்பர் 25, ஞாயிறு

கிறிஸ்துமஸ். காலையில் பழைய நகரத்தில் ஆராதனைக்குப் போய் வர சவ்தாவின் மகள் வந்து பார்த்துக்கொண்டார். யோவான் 10ஆம் அதிகாரத்தில் வரும் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை என்பது இந்த ஹனுக்காதான். நாகர்கோவிலில் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! மாலையில் சவ்தா 30ஆம் சங்கீதத்தைப் பாடினார். நான் பின்னாலேயே தமிழில் சொன்னேன். சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும்.

எட்டுச் சுடரும் எரிந்தன. யூதர் என்பதற்கான யெஹூதி என்ற சொல்லே நன்றியிலிருந்து வந்தது என்றார் சவ்தா. லேயாள் நாலாவது மகனைப் பெற்று, இந்த முறை நன்றி சொல்வேன் என்று யெஹூதா எனப் பேர் வைத்தாள். காலையில் கண் விழித்ததும் சவ்தா சொல்லும் "மோதா அனி"யும் அதே வேர்தான். அதில் நன்றி முதலில், நான் என்பது பிறகு.

இன்று கணக்கு நினைவுக்கே வரவில்லை. படுக்கப் போகும்போதுதான் அது தெரிந்தது.

டிசம்பர் 26, திங்கள்

குவளைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். வெந்நீரில் ஊற வைத்துக் கழுவி, துணியில் கவிழ்த்தேன்.

நாலே முக்காலுக்கு சவ்தா வாசல் பக்கம் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிப் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டி காலி. எதிர் மாடியில் யாரோ மறந்துபோன துணி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. குளிர் அதிகம் என்று கம்பளியை இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.