ஆறு அங்குலத்துக்காக மூன்று வாரம்

ஒரு பழைய படத்தில் வரும் அந்த லண்டன் பஸ் ஆர்டிடபிள்யூ ரகம்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

1950களின் தொடக்கத்தில் வந்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஒன்று. கதாநாயகன் டாக்ஸியை விட்டு இறங்கும்போது லண்டன் டபுள் டெக்கர் ஒன்று நேர் எதிரே வந்து கடந்து போகிறது. மூன்று வினாடிகூட இருக்காது. ரேடியேட்டரின் நடுவே செங்குத்துப் பட்டை இல்லை. அப்படியானால் ஏஇசி கம்பெனியின் ஆர்டி ரகம் இல்லை, லேலண்ட் கம்பெனி வண்டி. இதுவரை ஐந்து நிமிட வேலை. அப்புறம் லேலண்டின் இரண்டு ரகங்களில் ஆர்டிஎல்லா, ஆர்டிடபிள்யூவா என்பதில் மாட்டிக்கொண்டேன்.

நம்பர் பிளேட்டில் கேஜிகே தெரிந்தது. அந்த எழுத்துகள் இரண்டு வகையிலும் உண்டு. அடுத்த எண் 5 என்றால் ஆர்டிடபிள்யூ. 8 என்றால் ஆர்டிஎல். பிளேட்டில் இருந்ததோ, 5 என்று நினைத்துப் பார்த்தால் 5, 8 என்று நினைத்துப் பார்த்தால் 8.

சரி, அகலத்தை அளந்துவிடலாம் என்று இறங்கினேன். ஆர்டிஎல் ஏழரை அடி, ஆர்டிடபிள்யூ எட்டு அடி. உயரம் இரண்டுக்கும் 14.3 அடி வாக்கில். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பஸ் கொஞ்சமும் திரும்பாமல் நேராக இருக்கும் ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்தேன். அகலம் 111 பிக்சல், உயரம் 211. வகுத்தால் 0.526. ஏழரை அடி வண்டிக்கு வர வேண்டியது 0.524. ஆர்டிஎல் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. அந்தத் தைரியத்தில் 1:76 அளவு ஆர்டிஎல் பொம்மை ஒன்றுக்கும் ஆர்டர் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அதே ஃபிரேமைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்ஸியின் முகப்பு விளக்கு கண்ணில் பட்டது. வட்டமாக இருக்க வேண்டியது, முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. அளந்தேன்: அகலம் 30, உயரம் 32.

விஷயம் இதுதான். இந்த டிவிடியில் படம் 720க்கு 576 பிக்சலாகப் பதிவாகியிருக்கிறது. பார்க்கும்போது அகலம் 768 ஆக விரிய வேண்டும். ஃபிரேமைச் சேமித்த மென்பொருள் விரிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டது. படத்தில் இருந்த எல்லாரும் எல்லாமும் ஆறு சதவீதம் ஒல்லியாகிவிட்டார்கள், நான் மட்டும் கவனிக்கவில்லை. விரித்துப் பார்த்தால் அகலம் 118, விகிதம் 0.56. எட்டு அடி வண்டிக்கு 0.559. இனி எந்தப் படமானாலும் முதலில் ஒரு சக்கரத்தையோ விளக்கையோ அளந்து வட்டமா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் பக்கம் போவேன்.

பொம்மையைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர். வந்ததிலேயே ஒரு கண்ணாடி வளைந்திருந்தது, அது வேறு கதை.

ஆக பிளேட்டில் முதல் எண் 5. கடைசி எண் 6 என்பதில் சந்தேகமில்லை. நடு எண்தான் இன்னும் புகையாக இருக்கிறது. இந்த வரிசையில் பிளேட் எண்ணில் 500ஐக் கழித்தால் அந்த ரகத்தில் அது எத்தனையாவது வண்டி என்பது வந்துவிடும், அதனால் ஆர்டிடபிள்யூ 6, 16, 26 என்று 96 வரை பத்து வண்டிகளுக்குள் ஒன்று. அதற்குள் மனம் வேறு பக்கம் தாவிவிட்டது. இந்த ரகங்களில் நிறைய வண்டிகளை லண்டனில் ஓய்வு கொடுத்ததும் இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கிக்கொண்டது. கொழும்புத் தெருக்களில் எடுத்த 1960களின் சிங்களப் படங்கள் நான்கைந்து எடுத்து வைத்திருக்கிறேன். முதல் டிவிடியில் இருபதாவது நிமிடத்தில் ஒரு லேலண்ட் ரேடியேட்டர் எட்டிப் பார்க்கிறது, பாதியைத் தென்னை மரம் மறைத்துக்கொண்டு.