"அப்பா காபித் தோட்டத்துல வேலையாம்மா?"

பிஎச்.டி. சேர்க்கை நேர்காணலில் கேட்டது நான்தான். அந்தப் பெண் ஏற்காடு என்று சொன்னாள், குரல் நடுங்கியது, கொஞ்சம் பதற்றம் தணியட்டும் என்று கேட்டேன். யாரிடம் சொன்னாலும் "இதுல என்ன சார் தப்பு?" என்கிறார்கள். பாதி நாள் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் அவள் அப்போது பேச ஆரம்பித்திருந்தாள். காபியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றிய பிஎச்.டி. திட்டம். அந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும், நிழல் குறைந்த தோட்டத்தில்தான் தாக்குதல் அதிகம். இது தெரிந்த சங்கதி. பழைய காட்டு மரங்களை வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைத்த இடங்களில் என்ன ஆகிறது என்பது அவள் கேள்வி. "நிழலை எப்படி அளக்குறேன்னா சார்..." என்று ஃபைலிலிருந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினாள். பென்சிலில் மர உச்சிகள், வட்டம் வட்டமாக. அங்கேதான் குறுக்கே விழுந்தேன்.

"இல்ல சார். அப்பா பஞ்சாயத்து ஆபீஸ்ல கிளார்க்."

எல்லோரும் சிரித்தோம். நான் அதோடு விட்டேனா? அராபிகாவுக்கும் ரொபஸ்டாவுக்கும் என்ன வித்தியாசம், மிளகுக் கொடியை எந்த மரத்தில் ஏற்றுவார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். நடுவில் எப்போதோ அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விட்டது.

அடுத்து வந்தவன் சேலம் டவுன், அஸ்தம்பட்டிப் பையன். ஆய்வுக்கு எத்தனை மாதிரி எடுப்பது என்று எப்படி முடிவு செய்தாய் என்று குடைந்து எடுத்தேன். திணறினான், சமாளித்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. எழுத்தில் அவள்தான் மேலே. 30-ல் ஆய்வுமுறைக்கு என்ன போடுவது? அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவே இல்லையே! "அவளுக்கு ஈசியாத்தானே சார் கேட்டோம்" என்றார் பக்கத்தில் இருந்த மேடம். நியாயம்தான். குறைத்துப் போட்டோம். இடம் பையனுக்குப் போனது. அவனும் தகுதி இல்லாதவன் இல்லை, நன்றாகவே செய்கிறான்.

சாதி கேட்கவில்லை, ஆங்கிலம் வரவில்லை என்று குறைக்கவில்லை. நானே இளம்பிள்ளைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. என் இண்டர்வியூவில் "தறி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஊடை நூல், பாவு என்று பத்து நிமிஷம் பேசி, அந்தப் பேச்சிலேயே வேலை வாங்கினேன். அந்த ஞாபகத்தில்தான் இவளிடமும் கேட்டேனோ? தோட்டத்து வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியது மட்டும் எங்கிருந்து வந்தது?

போன வருஷத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், டைப் செய்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். முதல் நாளே ஒரு பையன் இரண்டாவது கேள்வியில் உறைந்துபோய் உட்கார்ந்தான். கர்ச்சீப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "எந்த ஊருப்பா?" என்று நாக்கு நுனி வரை வந்தது.

கேட்கவில்லை. மூன்றாவது கேள்வியைப் படித்தேன்.