கல்லு கொட்டினா மட்டும் கரை நிக்குமா?

காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் வரைக்கும் கடல் ஏன் இப்படி அரிக்குதுன்னு கேட்டா, கையைச் சென்னைத் துறைமுகம் பக்கம்தான் காட்டணும். வருஷத்துல பெரும்பாலான மாசம் நம்ம கரை மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டு கடைசியில கட்டின துறைமுகச் சுவர் அதை மறிச்சுது. தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைஞ்சுது.

அரிப்பைத் தடுக்கன்னு கருங்கல்லை வெறும் மணல் மேல கொட்டினா நிக்காது. அடியில வடிதுணி (தண்ணியை விட்டு மணலைப் பிடிச்சு வைக்கிற துணி), மேல சின்னக் கல்லு, அப்புறம்தான் பெருங்கல்லு. இந்த அடுக்கு இல்லேன்னா, அலை பின்வாங்குறப்பல்லாம் இடுக்கு வழியா மணலை உறிஞ்சிடும். அடிவாரம் பள்ளமாகி கல்லு உள்ள இறங்கும். அப்புறம் அதே இடத்துல இன்னொரு லோடு. லாரிக்கு நல்ல வேலைதான்!

தூண்டில் வளைவு, அதாவது கரையிலேருந்து கடலுக்குள்ள நீளுற கல்லுச் சுவர், போட்டா அதுக்குத் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் அரிக்கும். கடைசி வளைவுக்கு வடக்கே இருக்குற குப்பத்துக்குத்தான் அடி.

இன்னொண்ணு, ஃபைபர் படகு ஏத்த சரிவான மணல் வேணும். கல்லுச் சுவர்ல அது நடக்காது, பாசி பிடிச்ச கல்லுல ஆளே நிக்க முடியாது. வளைவுக்குத் தென்பக்கம் மணல் சேர்ந்த மூலைதான் படகுக்கும் வலை உலர்த்தவும் மிச்சம். அந்த மூலைக்குப் போற சந்து வழியை அடைக்காம விட்டாலே போதும்.