பத்தொன்பது என்று எழுதினேன்

கிராம சுகாதார செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்தது 2003-ல், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில். முதல் வாரமே சீனியர் சிஸ்டர் ஒருவர் சொல்லிவிட்டார்: "ரெண்டு பொட்டப்புள்ள இருக்கிற வூட்ல மூணாவது உண்டானா, வாரா வாரம் போயி எட்டிப் பாத்துட்டு வந்துடும்மா." ஏன் என்று நான் கேட்கவில்லை. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்திருந்தது. கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கெஞ்சிய மண் இது.

நான் பரம்பரைக் கிறிஸ்தவள். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, எதிலும் குறை வைத்ததில்லை. "உலகம் கெட்டுக் கிடக்கிறது" என்று போதகர் சொன்னால் முதல் ஆமென் என்னுடையதுதான். உலகம் என்றால் சபை காம்பவுண்டுக்கு வெளியே இருப்பது என்று நினைப்பு.

திங்கட்கிழமை அந்த உலகத்துக்கு ஸ்கூட்டியில் போவேன். பிரஷர் பார்ப்பேன், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன், வந்துவிடுவேன். நாலாம் மாசம் "கலைஞ்சி போச்சு நர்சம்மா" என்று தலையைக் குனிந்துகொள்ளும் பெண்ணிடம், எங்கே போய் ஸ்கேன் பார்த்தீர்கள் என்று கேட்டதில்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதே 1994 சட்டப்படி குற்றம். யார் சொன்னது, எவ்வளவு வாங்கினது என்பது தெருவுக்கே தெரியும். பதிவேட்டில் "கருச்சிதைவு" என்று எழுதுவேன். ராத்திரி ஜெபத்தில் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்வேன். அதோடு கணக்கு முடிந்தது.

இத்தனைக்கும் ஓய்வுநாள் பள்ளியில் நான் அடிக்கடி சொல்லும் கதை சிப்பிராள், பூவாள் கதை. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் வரும் மருத்துவச்சிகள். எபிரேயருக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுபோடச் சொன்னான் பார்வோன். இவர்கள் தேவனுக்குப் பயந்து பிள்ளைகளைப் பிழைக்க விட்டார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ராஜா கேட்டபோது, அந்தப் பெண்கள் நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார்கள். அங்கே ஆண் பிள்ளை, இங்கே பெண் பிள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். நானும் ஒரு மருத்துவச்சிதான் என்பது எனக்கு உறைத்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாசம். புளி உலுக்குகிற காலம். ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியார்க்காரி புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் மூணு மாசம். பெண்ணின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. வயசுக்கு வந்த பெண்ணை ஆயாவிடம் எத்தனை நாள் விட்டுவைப்பது என்று பயந்து, தாய்மாமனுக்கே கட்டிவிட்டார்கள். கையில் மாவு பூசினதுபோல் ரத்தமே இல்லாத வெளுப்பு. காலைப் பார்த்தேன். மெட்டி பெரிசு. கழன்று விழாமல் இருக்க வளையத்துக்கு நூல் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"வயசு பத்தொம்பதுன்னு போட்டுக்குங்க நர்சம்மா."

பதினெட்டு என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பத்தொன்பது ஆகியிருக்க வேண்டும். அந்த விவரமெல்லாம் எங்களைவிட மாமியார்களுக்கு நன்றாகவே தெரியும். ஆதாரைக் கேட்டேன். பெங்களூரில் அவள் அம்மாவிடம் இருக்கிறதாம். மறுபடி கேட்கவில்லை. பதினெட்டுக்குக் கீழே என்று எழுதினால் சிறார் பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம், போலீஸ், தாய்மாமன் உள்ளே. அதற்குப் பயந்து பெண்ணை எங்காவது மறைத்து வைத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிட்டால்? அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படி நடந்த வீடுகளை எனக்குத் தெரியும். சிப்பிராளும் பூவாளும்கூடப் பொய்தானே சொன்னார்கள் என்று மனசு எடுத்துக் கொடுத்தது. பத்தொன்பது என்று எழுதினேன்.

எட்டாம் மாசம் முகமும் காலும் வீங்கிப்போய் பிரஷர் 160/110. 108-ல் ஏற்றி தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ஆதார் வெளியே வந்தது. பதினாறு முடிய இன்னும் ரெண்டு மாசம். குழந்தை ஒன்றரைக் கிலோ. பச்சிளம் குழந்தைகள் வார்டில் ரொம்ப நாள் இருந்து பிழைத்தது. மாமன் மேல் வழக்கு. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ.

குடும்பத்தார் தவறான தகவல் கொடுத்தார்கள் என்று எழுது, யாரும் தோண்ட மாட்டார்கள் என்று உடன் வேலை செய்தவர்கள் அக்கறையாகத்தான் சொன்னார்கள். அன்று ராத்திரி அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். அந்தப் பெண்கள் பொய் சொன்னது பிள்ளையைக் காப்பாற்ற. நான் எழுதினது அந்தத் திண்ணையைவிட்டுச் சண்டையில்லாமல் எழுந்து வர. இருபது வருஷமாய்ப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் நான் யார் பக்கம் நின்றேன் என்று அப்போதுதான் பார்த்தேன். "சந்தேகம் இருந்தும் ஆதாரைக் கேட்டு வாங்காதது என் தவறு" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷ இன்கிரிமென்ட் போனது.

பிற்பாடு ஒரு நாள் தடுப்பூசிக்கு அந்தப் பெண் வந்தாள். ஊசி போட்டு முடிந்ததும் சொன்னாள்: "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் மாமா ஜெயிலுக்குத்தான் போயிருக்கும். நீங்க சொல்லாததுனாலயும் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி ஏன்க்கா நீங்க வரல?"

அதற்குப் பிறகு கர்ப்பிணிப் பட்டியலோடு நின்றுவிடாமல் பத்தாவதோடு படிப்பை நிறுத்தின பெண்களின் பட்டியலையும் வைத்திருக்கிறேன். தை, வைகாசி மாசங்களில் அந்த வீடுகளுக்குச் சும்மா போய் உட்காருவேன். பேசிப் பார்த்துக் கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. ரெண்டு ஊரில் என்னைத் திட்டாத வாய் இல்லை. ஸ்கூட்டி டயரை ஒருமுறை கிழித்தார்கள். ஜெபம் பண்ணுவது குறையவில்லை, ஆனால் பேர்களோடு வீட்டு நம்பரும் சேர்ந்து வருகிறது.

ஊர்க்காரர்கள் திட்டினது உறுத்தவில்லை. போன வருஷம் எங்கள் சபையிலேயே ஒரு மூப்பர், அதாவது சபைப் பெரியவர், வீட்டில் பதினேழு வயசுப் பெண்ணுக்கு நிச்சயம் பண்ணினார்கள். நல்ல விசுவாசக் குடும்பத்துப் பையன், கர்த்தர் கொடுத்த சம்பந்தம் என்றார்கள். ஊரில் எந்த மாமியாரும் இவ்வளவு நல்ல காரணம் சொன்னதில்லை. சாயங்காலம் போனேன். மூப்பரம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "பாப்பா பொறந்த தேதி என்னங்க்கா?" என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபியில் ஆடை படிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெஞ்சில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.