பூம்பாறை பாதைக்கு என் தார் ஜீப்ல போட்ட பட்டையும் ஷாக்கும்

கொடைக்கானல் மலைல பூம்பாறை பக்கம் நமக்கு பூண்டுக் காடு இருக்கு, ரோட்டுல இருந்து காட்டுக்கு இறங்குற பாதை ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனா மழை பேஞ்சா பாறையும் சேறும் மட்டும்தான், அதுக்குன்னே 2014ல மஹிந்திரா தார் சிஆர்டிஇ டீசல் ஜீப் எடுத்தேன். முன்னாடி டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யற கம்பி, பின்னாடி பட்டை, அதாவது அடுக்கி வச்ச லீஃப் ஸ்பிரிங். 2020ல வந்த புது தார்ல நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதுக்கு நான் சொல்றதுல பாதி பொருந்தாது, இதை முதல்லயே சொல்லிடுறேன்.

நாலு வருசத்துல பின்பட்டை படுத்துருச்சு. மூட்டை ஏத்துனா வண்டி பின்னாடி உக்காந்துரும், ஹெட்லைட் மரத்து உச்சியத்தான் பாக்கும். கீழ ஒரு கடைக்குப் போனேன், அவங்க கேட்ட முதல் கேள்வியே "எத்தனை இஞ்ச் தூக்கணும்?" நானும் ரெண்டு இஞ்சுன்னுட்டேன், ஹெவி டியூட்டி பட்டை செட் போட்டு, முன்னாடி டார்ஷன் பாரை முறுக்கி ஏத்திக் குடுத்துட்டாங்க. பாக்க நல்லா கம்பீரமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பெரியகுளத்துல கல்யாணம், அடுக்கம் ரோட்டுல காலி வண்டியா இறங்குறோம், லேசா தூறல், ரோடு பேந்து கெடந்த ஒரு வளைவுல பின்சக்கரம் ரெண்டும் துள்ளி பக்கவாட்டுல ஒரு அடி நகந்துருச்சு. அந்தப் பக்கம் பள்ளம். பக்கத்து சீட்ல என் பொண்ணு. அன்னிக்கு ராத்திரி முழுக்க தூக்கமே வரல.

மறுநாளே வத்தலக்குண்டுல லாரிக்கு பட்டை கட்டுற ஒரு அண்ணன்ட்ட கொண்டு போனேன். வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு, "தம்பி, இதுல தினமும் என்ன ஏத்துவ?"ன்னார்.

"அறுவடை சமயத்துல ஆறு மூட்டைண்ணே, வடுகபட்டி மார்க்கெட்டுக்கு. மத்த நாள்ல நானும் ஒரு ஆளும், மருந்து டப்பாவும்தான்."

"நாலு நாள் லோடுக்காக மாசம் பூரா குதிச்சுக்கிட்டே போவியாப்பா? போய் எடை மேடைல ஏத்திட்டு வா."

இந்த விசயம்தான் எனக்கு யாருமே சொல்லல. முன்சக்கரத்தை மட்டும் மேடைல நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு, அப்புறம் மூட்டையோட இதே மாதிரி ரெண்டு சீட்டு, கழிச்சுப் பாத்தா பின் ஆக்சில் மேல காலியா எவ்வளவு, லோடோட எவ்வளவுன்னு வந்துரும். பட்டை வாங்க வேண்டியது அந்த ரெண்டு நம்பரை வச்சுத்தான். ஓல்ட் மேன் ஈமு மாதிரி ஆஸ்திரேலியா பிராண்டுல ஒரே வண்டிக்கே எடைக்கு ஏத்த மாதிரி தனித்தனி ஸ்பிரிங் வச்சிருக்கறது இதுக்காகத்தான். முன்னூறு கிலோவுக்கு செஞ்ச பட்டை மேல வெயிட்டே இல்லன்னா அது வளையாது, வளையாத பட்டை சக்கரத்தை ரோட்டுல அமுக்கிப் பிடிக்காது, எனக்கு அந்த வளைவுல நடந்ததும் அதேதான்.

அண்ணன் செட்ல ரெண்டு பட்டையைக் கழட்டிட்டு, அடியில வளைவு இல்லாம தட்டையா ஒரு ஹெல்பர் பட்டை வச்சார். காலியா இருக்கும்போது ஹெல்பர் மேல எதுவும் படாது, மூட்டை ஏறி மத்த பட்டைங்க வளைஞ்சு கீழ வந்தாத்தான் அதுல உக்காரும். எனக்கு இது ரொம்பப் பெரிய விசயம், ரெண்டு விதமான வேலைக்கு ஒரே வண்டி வச்சிருக்க மலைக்காரங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

முன்னாடி முறுக்குனதையும் இறக்கச் சொல்லிட்டார், இப்ப ஒரு இஞ்சுக்குக் கம்மி. டார்ஷன் பாரை முறுக்குனா வண்டி உயருமே தவிர சக்கரம் மேல கீழ போற மொத்த தூரம் கூடாது. கீழ்ப்பக்கம் தொங்குறதுக்கு இருந்த இடத்தைத்தான் நாம தின்னுடுறோம், அப்புறம் குழில சக்கரம் இறங்காம அந்தரத்துல நிக்கும், முன்சக்கரத்துக்கு இழுவை கொண்டு போற சிவி ஜாயின்ட்டும் சாய்ஞ்சு ஓடி அது மேல இருக்க ரப்பர் உறை (பூட்) கிழியும்.

ஷாக், அதாவது ஸ்பிரிங் குதிக்கறதை அடக்குற எண்ணெய்க் குழாய், பின்னாடி ரெண்டு மட்டும் மாத்துனேன், ட்வின் டியூப். மோனோ டியூப்தான் ஒசத்தின்னு நிறைய பேர் சொல்றாங்க, அதுல நைட்ரஜன் தனி அறைல அழுத்தமா இருக்கறதால எண்ணெய் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளிய போயிரும், எல்லாம் நெசம்தான். பாலைவனத்துல வேகமா ஓட்டுறவங்களுக்கு அது வேணும். நாம முதல் கியர்ல ஊர்ந்து போறோம், அவ்வளவு சூடு ஏறாது, நமக்கு பயம் கல்லுதான். மோனோல பிஸ்டன் வெளிக்குழாய் சுவர்லயே ஓடுது, ஒரு கல்லு பட்டு நசுங்குனா அங்கயே சிக்கிரும். ட்வின்ல குழாய்க்குள்ள குழாய், வெளிய கொஞ்சம் நசுங்குனாலும் உள்ள வேலை நடக்கும்.

மாட்டும்போது ஒண்ணு கண்டிப்பா பாருங்க. பட்டை முனையில ரப்பர் புஷ் வழியா போற போல்ட்டை வண்டி ஜாக்கில தொங்கும்போது டைட் பண்ண விடாதீங்க, சக்கரம் தரையில உக்காந்து வெயிட் இறங்குன பிறகுதான் முறுக்கணும், இல்லன்னா ரப்பர் புஷ் எப்பவும் திருகிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிரும். பட்டையை ஆக்சிலோட சேத்துப் பிடிக்கிற யூ போல்ட் பழசைத் திரும்பப் போடக்கூடாது, புதுசுதான், 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி டைட் வைக்கணும். என் வண்டில நாலுல மூணு இளகி இருந்துச்சு. பிரேக் ஹோஸ் சக்கரம் முழுசா தொங்கும்போது இழுபடுதான்னும் பாத்துருங்க. முன்னாடி உயரம் மாறுனா அலைன்மென்ட்டும் பாக்கணும்.

ரொம்பத் தூக்கணும்னு நினைக்கிறவங்க மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படிச்சிருங்க, கம்பெனி அளவுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு அதுல இருக்கு.

இந்த அறுவடைக்கு ஆறு மூட்டையோட அதே அடுக்கம் ரோட்டுல இறங்குனேன், ஹெல்பர் உக்காந்துச்சு, லைட் ரோட்டுலயே இருந்துச்சு. காலியா திரும்பி ஏறும்போது அந்த வளைவுல வேணும்னே நிறுத்தி, கீழ இறங்கி சக்கரத்தைப் பாத்துட்டு வந்தேன். முன் ஷாக் ரெண்டும் இன்னும் கம்பெனிதுதான், எண்ணெய் கசியற வரைக்கும் அதுவே ஓடட்டும்.