பக்கத்துக் காம்பரா

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த 16 வயதுப் பையனிடம் வைத்தியனான நான் கேட்டது வழக்கமான கேள்விதான்: "ஆள் இல்லாத நேரத்தில் யாராவது பேசுவது கேட்கிறதா, தம்பி?"

"பக்கத்துக் காம்பராவில என்னயப் பத்திப் பேசுறாங்க."

"லயத்துல எல்லாருக்கும் கேக்குந்தானே" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டேன்.

அன்று என் பக்கம் நியாயம் இருந்தது. காம்பரா என்கிற சிறு வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும், நடுச்சுவர் கூரையைத் தொடாத பழைய தேயிலைத் தோட்ட லயத்தில் அடுத்த வீட்டு இருமல்கூட நம் வீட்டு இருமல்தான். நானும் அங்கே வளர்ந்தவன். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே அவன் பழைய பேப்பரைத் திணிக்கிறான் என்று அந்த அம்மா சொன்னபோதும், கொழுந்தையே கருக்குகிற நுவரெலியாத் தைப் பனிக்கு யார்தான் அடைப்பதில்லை என்றே நினைத்தேன்.

இல்லாததைக் கேட்கவும் நம்பவும் வைக்கும் உளமாய நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும், ஆண்பிள்ளைகளுக்குச் சில வருடங்கள் முந்தியே வரும், 13 வயதுக்கு முன் மிக அரிது என்பதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் இளவயதில் அது பெரும்பாலும் கோவையான கதையோடு வருவதில்லை. குளிக்காமல் கிடப்பது, கூட்டாளிகளை ஒதுக்குவது, இரவெல்லாம் விழித்திருப்பது, படிப்பில் சரிவது என மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். பரீட்சை முடிந்த எந்தப் பையனிடமும் இவற்றில் பாதியைக் காணலாம். தோட்டத்தில் ஒருமுறை 'பைத்தியம்' என்று பெயர் விழுந்தால் அது கலியாணப் பேச்சுவரை தொடரும் என்பதால், அவசரப்படாததும் ஒரு வைத்தியமே என்று சொல்லிக்கொள்வேன். அப்படியானால் ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.

ஐந்து மாதம் கழித்து, கோடாங்கியும் தாயத்தும் ஆன பிறகு, நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்: "அந்தக் காம்பரா ரெண்டு வருசமாப் பூட்டித்தான் கெடக்கு, டொக்டர். அவுங்க கொழும்புக்குப் போயிட்டாங்க." பேப்பர் திணித்திருந்ததும் அந்த நடுச்சுவரில் மட்டுந்தானாம், குளிர்காற்று வரும் வாசல்பக்கத்து இடுக்குகளை அவன் தொடவே இல்லை.

வைத்தியமின்றிக் கழியும் காலம் நீள நீளத் தேறுவது கடினமாகும் என்று பயிற்சிக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

இப்போது பக்கத்துக் காம்பராவில் ஆள் இருக்கிறார்களா என்று எல்லோரிடமும் கேட்கிறேன். போன மாதம் 15 வயதுப் பிள்ளையொருத்தி, அது வெறுங்காம்பரா என்றாள். நான் மருந்துத் துண்டை எழுதவே தொடங்கிவிட்டேன். அதில்தான் பின்னேரங்களில் இளந்தாரிகள் கூடிச் சீட்டாடுகிறார்கள் என்று, நான் கேட்காமலே, அவளுடைய அப்பாயி குறுக்கிட்டுச் சொன்னார்.