சுவர் காயும்வரை நிற்கும் தொண்டர்கள்

கொழும்பில் வெள்ளம் வந்தால் முதல் ஒரு கிழமைக்குத் தொண்டர்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பகுதிகளை மூடியபோது, கோயில் மடங்களிலும் பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் இரவு பகலாகச் சோறு வெந்தது. பொதி கட்டவும், வள்ளத்தில் ஏற்றவும், கிணறு இறைக்கவும், வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளவும் இன, மத பேதம் பாராமல் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்த உதவியின் பெறுமதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சேறு அள்ளி முடிந்த வீட்டில் சுவர் நனைந்தபடியே நிற்கிறது. கதவு நிலை ஊதிப்போயிருக்கிறது. வீட்டுக்காரருக்கு எதை முதலில் திருத்துவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. நம் ஊர்த் தொண்டு பெரும்பாலும் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிய சிலரைப் பற்றியும், அவர்களிடமிருந்து கொழும்பின் கொட்டாஞ்சேனை போன்ற பழைய பகுதிகள் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையோடு ஒட்டி, ஹோலி குரொஸ் என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. மேற்கே தொழிற்சாலைக் கால்வாய், தெற்கே ஆறு. லோவர் நைன்த் வார்ட் என்று பரவலாக அறியப்படும் பகுதியின் ஆற்றோரத் துண்டு அது. ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் நீண்டு, முன்கதவையும் பின்கதவையும் திறந்தால் காற்று நேராக ஓடும் ஒடுக்கமான மரவீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஷொட்கன் வீடுகள் என்பது அவற்றின் பெயர். ஆற்று நீராவிக் கப்பலின் தளங்களைப் போல விறாந்தைகள் சுற்றிவரக் கட்டிய, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இரண்டு வீடுகளும் அங்கேதான் உள்ளன. 1986இல் அந்தப் பகுதி அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளியின்போது தொழிற்சாலைக் கால்வாயின் வெள்ளத்தடுப்புச் சுவர் உடைந்தது. உடைப்புக்கு நேர் எதிரேயிருந்த தெருக்களில் வீடுகள் அத்திவாரத்திலிருந்தே பிடுங்கப்பட்டு அடித்துச் செல்லப்பட்டன. ஹோலி குரொஸ் சற்று மேட்டு நிலம். ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மண்ணே அந்த மேடு. அங்கும் வெள்ளம் புகுந்தது, ஆனால் வீடுகள் நின்றன. முன்னோர் எங்கே கட்டினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது என்பதை நான் அதில் காண்கிறேன். நம் கொழும்பின் வுல்பெண்டால் தேவாலயமும் குன்றின் உச்சியில்தான் நிற்கிறது. கீழே சதுப்பு நிலமாகக் கிடந்த இடங்களை நிரப்பி நாம் பின்னர் கட்டியவற்றில்தான் இன்று தண்ணீர் ஏறுகிறது.

வீடுகள் நின்றாலும் மக்கள் திரும்புவது எளிதாக இருக்கவில்லை. மின்சாரமும் குடிநீரும் அந்தப் பகுதிக்கு மிகவும் பிந்தியே வந்தன. 2006 ஜனவரியில் வெளியான ஒரு திட்ட வரைபடம், வெள்ளம் புகுந்த சில குடியிருப்புகளின் மேல் பச்சை வட்டங்களைப் போட்டு, அவற்றைப் பூங்கா நிலமாக்கலாம் என்று காட்டியபோது நகரமே கொதித்தது. 'பசுமை' என்ற பெயரில் தங்களை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று மக்கள் அஞ்சிய ஊரில்தான், அதே பசுமையைத் தங்கள் வீடுகளைக் காப்பதற்கான வழியாக ஹோலி குரொஸ் அயலவர் சங்கம் கையில் எடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில், நிலைபேறான மீள்கட்டுமானத்துக்கென்றே ஒரு மையத்தையும் அது தொடங்கியது. திட்டம் அங்கே குடியிருந்தவர்களுடையது; வெளியாட்கள் வந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

அப்படி வந்தவர்கள்தான் ஹிஸ்டோரிக் கிரீன் என்ற தொண்டர் அமைப்பினர். கன்சாஸ் நகரைச் சேர்ந்த, பசுமைக் கட்டடத் துறையில் ஈடுபட்டிருந்த இளையவர்கள் முன்னின்று தொடங்கிய முயற்சி அது. அவர்களுடைய முதல் பெரிய வேலைக்காலம் 2008 மார்ச்சில், அதாவது புயல் அடித்து இரண்டரை ஆண்டுகள் கழிந்து, கமராக்கள் எல்லாம் வேறெங்கோ போய்விட்ட பிறகு நடந்தது. கட்டடக் கலைஞர்கள், பொறியியலாளர்கள், மாணவர்கள் ஆகியோர் வசந்தகால விடுமுறையில் வந்து, அந்த ஊர்க்காரர்கள் காட்டிய வீடுகளில் வேலை செய்தார்கள். பின்னரும் வசந்தகாலங்களில் வந்தார்கள்.

அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதி படம் பிடித்துப் போடுவதற்கு ஏற்ற வேலை அல்ல. பழைய மரச் சன்னல்களைக் கழற்றி, உக்கிய துண்டை மட்டும் மாற்றி, மறுபடி பூட்டுவது. பலகை இடுக்குகளை அடைப்பது. கூரையின் கீழும் தரையின் கீழும் வெப்பக் காப்பு இடுவது. மழைநீர் தெருவுக்கு ஓடாமல் நிலத்தில் ஊறத் தோட்டப் பள்ளங்களை அமைப்பது. ஒரு பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பிடிக்கும் சக்தியோடு ஒப்பிட்டால் இவை மிகச் சொற்பம். ஏற்கெனவே அரிந்து, சுமந்து, அறைந்து முடித்த மரத்தில் அடங்கியிருக்கும் உழைப்பையும் எரிபொருளையும் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் இருப்பதே அவர்களுடைய முதற் சேமிப்பு.

பொருளின் தன்மையும் அவர்கள் பக்கம் நின்றது. அந்த வீடுகளின் பழைய சைப்பிரஸ் மரம் முதிர்ந்த காட்டிலிருந்து வந்தது. நெருக்கமான வைரம் கொண்டது. நனைந்தாலும் காயவிட்டால் பிழைத்துக்கொள்ளும். மரச் சட்டங்களின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்தும் அப்படியே. காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையோ தண்ணீரை உறிஞ்சி மேலே இழுத்து, சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். லோவர் நைன்த் வார்டின் இன்னொரு பக்கத்தில், நடிகர் பிராட் பிட் 2007இல் தொடங்கிய மேக் இட் ரைட் என்ற அமைப்பு, நல்ல நோக்கத்தோடு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட புதுவீடுகளைக் கட்டியது. பெயர்பெற்ற கலைஞர்களின் வடிவமைப்பு, சூரிய மின்தகடு எல்லாம் அவற்றில் இருந்தன. ஆனால் கண்ணாடிச் சேர்மம் ஏற்றிய ஒரு புதுவகை மரம் அந்த ஈரப்பதனைத் தாங்காமல் உக்கியது; கூரைகள் ஒழுகின; 2018இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். புதுமையை நான் வெறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்தின் வீடு, எங்கும் பரிசோதிக்கப்படாத பொருளைப் பரிசோதிக்கும் இடமாக இருக்கக்கூடாது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். கட்டட வரைபடம் வரையும் தொழிலில் இருப்பதால், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புதுச்செட்டித்தெரு ஆகிய இடங்களில் பழைய வீடுகளை அளந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. அவற்றின் சுவர் பெரும்பாலும் கபொக் கல் அல்லது செங்கல்; கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். கபொக், நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட இறுகும் கல். அதற்குள் நுண்துளைகள் நிறைய. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெயில் காலத்தில் வெளியேவிடும் சுவர் அது. சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். வெள்ளம் வடிந்ததும் நம்மவர்கள் செய்வது என்ன? வந்த நட்டஈட்டுப் பணம் கைவிட்டுப் போகுமுன் ஒரு மேசனைப் பிடித்து, நனைந்த சுவரின் மேல் சீமெந்தைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் சேர்ந்த பெயின்டை அடித்துவிடுகிறார்கள். உள்ளே சிறைப்பட்ட ஈரம் மேல்நோக்கி ஏறுகிறது. கரைந்திருந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. ஓரிரு வருடத்தில் பாளம் பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் முகமும் சேர்ந்தே வருகிறது. பிறகு "பழைய சுவர், இனிச் சரிவராது, இடிக்க வேண்டியதுதான்" என்கிறார்கள். நல்ல சுவரை நாமே கெடுத்துவிட்டு அதன் வயதின் மேல் பழி போடுவது எனக்கு ஆற்றமுடியாத வருத்தம்.

ஈரச் சுவர் காய்வதற்கு, ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று கட்டடத் தொழிலில் ஒரு பருமட்டான கணக்குச் சொல்வார்கள். ஒன்றரை அடிச் சுவருக்கு அதை வைத்துப் பாருங்கள். கொழும்பின் காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன் ஒருவர், வெள்ளம் கண்ட ஒரு வீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "தம்பி, உப்புப் பூக்கிறது நிக்கும் மட்டும் பூசாதீங்க. தும்புத்தடியால தட்டிக் கூட்டி அள்ளுங்க, தண்ணி ஊத்திக் கழுவாதீங்க." கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். இந்த அறிவு இன்னும் ஊரில் இருக்கிறது. ஆனால் அதை வைத்திருப்பவர்களுக்கு வயது போய்விட்டது, அவர்களிடம் கற்க இளையவர்களும் போவதில்லை.

சூழலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. உலகின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் ஏழெட்டு வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. சீமெந்துச் சூளைக்கு 1,450 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும்; சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 900 போதும், பூசிய பின் இறுகும்போது அது காற்றிலிருந்து காபனீரொட்சைட்டின் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடற்கரையில் பவளப்பாறை உடைத்துச் சுண்ணாம்பு சுட்ட காலம் போய்விட்டது, அது போனது மிக நல்லது. அதற்காகச் சுண்ணாம்பையே கைவிட வேண்டியதில்லை, உள்நாட்டில் டொலமைட் என்ற பாறையிலிருந்து சுட்டதும் கிடைக்கிறது. புதிதாகச் சுவர் வைத்தே ஆகவேண்டிய இடத்தில், அழுத்திய மண் கற்களுக்கு இலங்கைத் தர நிர்ணயம் எஸ்எல்எஸ் 1382 இருக்கிறது. கூரைக்குக் கள்ளிக்கோட்டை ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் தகடு போடுவது இன்றும் நடக்கிறது. நண்பகலில் அந்த அறைக்குள் இருக்க முடியாது, உடைந்தால் அதன் நார் மூச்சோடு உள்ளே போகும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதை வீட்டுக்காரருக்குச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால், எத்தனையோ கூரைகள் பிழைத்திருக்கும்.

காசும் உறுதிப் பத்திரமும் பெரிய தடைகள் என்பதை மறைக்கக்கூடாது. நியூ ஓர்லியன்ஸில் ரோட் ஹோம் என்ற அரச உதவித் திட்டம், திருத்தச் செலவும் புயலுக்கு முந்திய சந்தைப் பெறுமதியும் எது குறைவோ அதை அடிப்படையாக வைத்துப் பணம் கொடுத்தது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் சந்தைப் பெறுமதி குறைவு என்பதால் அதே வீட்டுக்கு அதே சேதத்துக்கு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. வழக்குப் போட்டு, 2011இல்தான் இணக்கம் வந்தது. பெயர் மாற்றாத பூர்வீக உறுதிகளாலும் பலருக்கு உதவி தாமதித்தது. கொழும்பின் பழைய வீடுகளிலும் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் குடியிருப்போர், வெளிநாடு போய்விட்ட பங்காளிகள், பிரிக்கப்படாத உரிமை என்று சிக்கல்கள் அடுக்கடுக்காக உள்ளன. யாருடைய வீடு என்று தெளிவில்லாத சுவரை யாரும் காயவைப்பதில்லை. ஆகவே ஒரு தொண்டர் குழுவில் மேசனும் தச்சரும் இருப்பது போலவே ஒரு சட்டத்தரணியும் இருந்தாக வேண்டும்.

ஹோலி குரொஸ் தொண்டர்கள் வீட்டோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிக்கு வடக்கே பயூ பியன்வெனு என்ற சதுப்பு நிலம் ஒருகாலத்தில் சைப்பிரஸ் காடாக இருந்து புயல் அலையின் வேகத்தைக் குறைத்தது. 1960களில் வெட்டிய இன்னொரு கப்பல் கால்வாய் வழியாக உப்புநீர் புகுந்து அந்த மரங்களைக் கொன்றது. அந்தக் கால்வாய் 2009இல் கற்களால் அடைக்கப்பட்டது. சதுப்பை மீட்பதையும் வீட்டைத் திருத்துவதையும் அந்த ஊர்ச் சங்கத்தினர் ஒரே வேலையாகவே பார்த்தார்கள். கொழும்பு 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. வெள்ளநீரை ஏந்தும் அந்தச் சதுப்புகளில் நாள்தோறும் மண் கொட்டப்படும்போது, கொலன்னாவையில் ஒரு சுவரைக் காயவைப்பது மட்டும் எத்தனை காலத்துக்கு உதவும்?

என்னோடு தொழில் செய்யும் சிலரும் நானும் ஜனவரி, பெப்ரவரி வறண்ட மாதங்களில் கொட்டாஞ்சேனையில் வேலையைத் தொடங்கத் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த வெள்ளத்துக்கு முன் செய்யவேண்டியவை இவை: சம்மதிக்கும் வீடுகளின் சுவர்த் தடிப்பு, சாந்து வகை, கூரை, சன்னல், வடிகால் ஆகியவற்றை அளந்து குறித்து, அதன் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமே கொடுப்பது, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மாரைத் தேடிப்பிடித்து, உரிய கூலி கொடுத்து, இளையவர்களை அவர்களிடம் பழக விடுவது, 'குறைந்தது முதல் மூன்று மாதமாவது பூசாதீர்கள், கதவை எறியாதீர்கள், நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள்' என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, சோற்றுப் பொதியோடு போகும்படி கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்களிடம் இப்போதே ஒப்படைத்து வைப்பது. அளவு நாடா பிடிக்கத் தெரிந்தவர்களும், சிங்களத்தில் தெளிவாக எழுதக்கூடியவர்களும், சனிக்கிழமை காலைகளைத் தரக்கூடிய ஒரு சட்டத்தரணியும் இப்போது எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறார்கள்.